போடிமெட்டு ஏறிப்போன கதவு

கதவைக் காணோம்.

பள்ளிக்கூடம் விட்டு, மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, காம்பவுண்டுக்குள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று பைக்குள் சாவியைத் துழாவினேன். சாவி கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், சாவி போட இடமில்லை. பூட்டு இல்லை. பூட்டு பதித்திருந்த கதவே இல்லை.

வெறும் நிலை நின்றது. அதன் வழியாக எங்கள் வீடு முழுக்கத் தெரிந்தது. டிவி, அதன் மேல் போட்ட துண்டு, கொடியில் காயும் பாவாடை, அடுப்படியில் கவிழ்த்துவைத்த குக்கர். தெருவில் போன சோன்பப்படி வண்டிக்காரர்கூட ஒரு நிமிஷம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மணியடித்தார்.

திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். குடுகுடுவென்று உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். டிவி இருக்கிறது. கேஸ் சிலிண்டர் இருக்கிறது. பீரோ பூட்டியபடி இருக்கிறது. இது எந்த ஊர்த் திருடன்? அத்தனையையும் விட்டுவிட்டுக் கதவை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு போகிறவன்?

திரும்ப வந்து நிலையைப் பார்த்தேன். உடைக்கவில்லை. கீல் இருந்த இடத்தில் ஸ்குரூ ஓட்டைகள் சுத்தமாக இருந்தன. யாரோ நிதானமாக, பீடி குடித்துக்கொண்டுகூட, ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்கள்.

"கரையான் புடிச்சிருக்கு டீச்சர்."

மாடியிலிருந்து குரல் வந்தது. எங்கள் ஹவுஸ் ஓனர் சிவனாண்டி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"எப்ப வரும் சார்?"

"அது ஆசாரி சோலியப் பொறுத்தது. அதுக்குள்ள வேற வீடு கீடு பாத்துட்டீங்கன்னா உங்களுக்கும் தொந்தரவு இல்ல பாருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது தன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

வீட்டுக்காரர் என்று யாரைச் சொல்வது?

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் பயிற்சி கொடுக்கும் எங்கள் பள்ளிக் கபடிப் பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "டீச்சர், உங்க வீட்டுக்காரர் உங்கள விளையாட விட்டாரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் கணவர் கண்ணன் விட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிற அவர், எதிலும் குறுக்கே நிற்கிற ஆளில்லை. எனக்கு வாழ்க்கையில் தொந்தரவு கொடுத்ததெல்லாம் இன்னொரு வகை வீட்டுக்காரர்கள்தான். தாலி கட்டியவரையும் வீட்டை வாடகைக்கு விட்டவரையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிற பழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ! "எங்க வீட்டுக்காரர் தண்ணிய நிறுத்திட்டார்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை சொல்லி, கண்ணனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

போடியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் நம்மைப் பார்ப்பார்கள். "என்ன ஆளுக நீங்க?" என்பது முதல் கேள்வி. "கறிக் குழம்பு வைப்பீங்களா?" அடுத்தது. ஒரு வீட்டம்மா, "விருந்தாளி அடிக்கடி வருவாகளா?" என்று கேட்டார். "வருவாங்க, எங்கம்மா வருவாங்க" என்றேன். "அப்ப செப்டிக் டேங்க் வெரசா நெறஞ்சிருமே" என்று கவலைப்பட்டார். இத்தனைக்கும் எங்கம்மா அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிவனாண்டி அப்படியெல்லாம் கேட்கவில்லை. அதனாலேயே அவரை நல்லவர் என்று நினைத்தோம். முன்பக்கம் மாடியும் கீழுமாக அவர் வீடு. அதை ஒட்டி, காம்பவுண்டு வாசலுக்கு நேரே, வரிசையாக மூன்று சின்ன வீடுகள். முதல் வீடு எங்களுடையது. நடுவீட்டில் மாரியக்கா. தினமும் விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு தாண்டிப் போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர். கடைசி வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி.

நாலைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏலக்காய் விலை ஏறியது.

ஒவ்வொன்றாகக் கழன்ற கதை

விலை ஏறினால் ஊரே சந்தோஷப்படும். ஏலக்காய் மணக்கிற தெருக்களில் ஆள் நடமாட்டம் கூடும், துணிக்கடைகளில் கூட்டம் நெரியும். சிவனாண்டிக்கு மலைமேல் கேரளப் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. ஊருக்குள் சரக்கு அடைத்துவைக்க ஒரு கிடங்கு இருந்தால், நினைத்த நேரத்தில் விற்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் மூன்று வீட்டையும் இடைச்சுவரைத் தட்டி ஒன்றாக்கினால் அருமையான கிடங்கு!

"இந்த மாசக் கடைசில காலி பண்ணிருங்க" என்றார்.

என் மகள் அரசி அப்போது பிளஸ் டூ. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "பரீச்ச முடியட்டும் சார், மறுநாளே கெளம்பிர்றோம்" என்று கைகூப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். "அதுக்கென்ன டீச்சர், பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாளிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் கெட்டுவிட்டதாம். அவர் மாடித் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் தினமும் கேட்கும். அடுத்து ஃபியூஸ் போனது. கண்ணன் போட்டால், அவர் இல்லாத நேரம் பார்த்துத் திரும்பவும் போகும். அப்புறம் பொதுக் கழிவறைக்குப் பூட்டு. அதோடு கடைசி வீட்டுப் பெண் அழுதுகொண்டே அம்மா வீட்டுக்குப் போனாள். புருஷன்காரன் ஒரு குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனான்.

மாரியக்கா மட்டும் அசையவில்லை. "ஆத்தி, நான் அட்டைக்கும் மழைக்கும் அசராதவ. இவனுக்கா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் சுமந்தார். எங்களுக்கும் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகுதான் கதவு போனது.

கதவு போன அன்று சாயங்காலமே கண்ணனும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவர்களும் சிவனாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கரையான் சார். புள்ளைக இருக்கிற வீடு, மேல விழுந்துட்டா? நம்ம செலவுல ரிப்பேரு பண்ணிக் குடுக்கிறேன். ரெண்டு நாள் பொறுத்துக்கங்கன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்று அவர் அவ்வளவு பணிவாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு கணம் எங்கள் பக்கம்தான் தப்போ என்று தோன்றியது.

ரெண்டு நாள் போனது. வாரமும் போனது.

கதவில்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நிலையில் என் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டோம். மலைக்காற்று வந்தால் அது வீட்டுக்குள் பறந்து டிவியை மூடும். நாய் வந்து சோற்றுப் பானையை முகர்ந்தது. அரசி துணி மாற்ற அடுப்படி மூலைக்குள் போவாள். நான் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பதினேழு வயதுப் பிள்ளை அந்தப் போர்வைக்குப் பின்னால் அவசர அவசரமாகச் சட்டையை மாற்றிக்கொள்வாள்.

வீட்டை ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் விட முடியாது. விட்டால் அவர் ஆளை வைத்துச் சாமானை வெளியே போட்டுவிட்டு, வேறு கதவை மாட்டிப் பூட்டிவிடுவார் என்று பயம். நான் போனால் கண்ணன், கண்ணன் போனால் அரசி. அவளுக்குப் படிப்பதற்காக லீவு விட்டிருந்தார்கள். ஒரு நாள் நான் திரும்பி வரும்போது என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? சேலையைத் தூக்கிச் சுருட்டிவிட்டு, நிலைக்கு நடுவே நாற்காலி போட்டு, மாடியைப் பார்த்து உட்கார்ந்து, உயிரியல் பாடத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சிவனாண்டி எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவு போனதற்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

"இங்கன நிக்குதுத்தா!"

அது ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாரியக்கா. மலைமேல் சிக்னல் கிடைப்பதே பெரிது, அதிலும் வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார்.

"ஏ டீச்சரு! உங்க கதவு இங்கன நிக்குதுத்தா!"

"என்னக்கா சொல்றீங்க? எங்க?"

"மலையிலத்தா! இன்னைக்கு எங்கள வேற தோட்டத்துக்கு எறக்கி விட்டான் கங்காணி. பக்கத்துத் தோட்டம் நம்ம ஓனரு தோட்டம். காய் காயப்போடுற ஸ்டோரு இருக்குல்ல, அதுல உங்க கதவு மாட்டியிருக்கு. பச்சப் பெயிண்டு. அரசி ஒட்டுன மயிலு ஸ்டிக்கரு அப்பிடியே இருக்கு. மயிலுக்குத் தலையக் காணோம், ஒடம்பு மட்டும் இருக்கு."

மயிலின் தலையைக் கிள்ளி எடுத்தது அரசிதான், நாங்கள் குடிவந்த புதிதில்.

தோசை தீய்ந்து புகைந்தது. நான் கரண்டியோடு முன்னறைக்கு ஓடினேன். "என்னங்க, கதவு கெடச்சிருச்சு! கேரளால இருக்கு!"

கண்ணன் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "அமுதா, நாம போகக் கூடாது. அவன் தோட்டத்துக்குள்ள நொழஞ்சா நம்ம மேலயே கேசாக்கிருவான்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் கோட்டுக்கு வெளியே நின்று காலை உதறுகிறபோது வருமே, அது.

"வாடகைக்கு வீடு விட்டா கதவும் சேத்துத்தான விடணும்? நாம குடியிருக்கிற வீட்டுக் கதவ நாம கொண்டாந்தா எப்பிடிங்க திருட்டாகும்?" என்றேன்.

"நீ போம்மா. வீட்ட நான் பாத்துக்கிறேன்" என்றாள் அரசி.

கண்ணன் எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. "ஸ்டார் ஸ்குரூ போட்டிருப்பான். இது இல்லாம என்னத்தக் கழட்டுவ?" என்றார். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடு. எல்லாப் பக்கமும் எடு" என்றார்.

கூரை போன வீடு

மாரியக்கா கூட்டம் போகிற ஜீப்பை ஓட்டுவது பாண்டி அண்ணன். காலை நடை முடித்து இறங்கியவர், மேலே உர மூட்டை லோடு ஏற்றத் தயாராக நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஏறு ஆத்தா" என்றார், வேறு ஒரு கேள்வி இல்லை.

மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைவு வளைவாக ஏற ஏற, வெயில் கீழேயே நின்றுவிட்டது. முகத்தில் குளிர்ந்த காற்று. பக்கவாட்டில் குரங்கணி மலை நீலமாக எழுந்து வந்தது.

அந்த மலையில்தான் நான் பிறந்தேன். காப்பித் தோட்டத்தில் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு அறை எங்கள் வீடு. அப்பாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். வேலைக்கு வராத ஆளுக்கு லயத்தில் இடமில்லை என்று ஆள் அனுப்பினார்கள். அப்பா எழுந்து உட்காருகிற வரைக்கும் பொறுக்கச் சொல்லி அம்மா கேட்டார். ஒரு மழை நாளில் நாலு பேர் ஏணியோடு வந்தார்கள். எங்கள் அறைக்கு மேலிருந்த தகரத்தை மட்டும் கழற்றினார்கள். அடுப்பு அணையாமல் இருக்க அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அன்றைக்கே அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்கினோம். அம்மா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஜீப்பில் போகும்போதும் யோசித்தேன். மடியில் இருந்த ஸ்குரூ டிரைவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சேட்டன் பிடித்த கதவு

தோட்டத்துப் பாதை முனையில் மாரியக்கா தலைத்துண்டோடு நின்று கையை ஆட்டினார். சாப்பாட்டு நேரம். கூட வேலை பார்க்கிற பெண்களும் தூக்குச்சட்டியோடு அங்கேயே வந்துவிட்டார்கள். ஏலச்செடிகளுக்குள் குனிந்து குனிந்து நடந்தோம். ஈர மண் வாசமும் பச்சைக் காய் வாசமும் மூக்கில் ஏறின. செடி விலகிய இடத்தில், தகரக் கூரை போட்ட ஸ்டோர்.

அதில் என் கதவு!

சிரிக்காதீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொலைந்த பிள்ளையை அடுத்த ஊர்த் திருவிழாவில் பார்த்த மாதிரி இருந்தது. ஓரிடத்தில்கூடக் கரையான் இல்லை. கெட்டியாக, கம்பீரமாக நின்றது. மேலே ஒரு சங்கிலி போட்டுச் சிவனாண்டி தன் பூட்டைத் தொங்கவிட்டிருந்தார். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். கீல் பக்கம் ஸ்குரூ வெளியே தெரிந்தது. சங்கிலியை யார் தொடப்போகிறார்கள்? கீலைக் கழற்றினால் போதும், அவரே காட்டிய வழி.

பாதி கழற்றும்போது காவலாளி வந்துவிட்டார். நரைத்த மீசை, மலையாளத்துக்காரர்.

"எந்தா இது? முதலாளியை விளிச்சுப் பறயட்டே?"

"விளிச்சுச் சொல்லுங்க சேட்டா. இது நாங்க குடியிருக்கிற வீட்டுக் கதவு. வீட்ல வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு, சேலையத் தொங்கவிட்டுக் கெடக்கோம். கதவு வீட்டுக்கே போகுதுன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். போனை எடுத்து முதலாளிக்கு அடித்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஆனால் அந்தச் சமயம் மேல் கீல் விட்டு, கதவு என் பக்கம் சாய்ந்தது. சேட்டன் ஒரு கையில் போனைப் பிடித்தபடியே இன்னொரு கையால் கதவைத் தாங்கிக்கொண்டார். "அதெ முதலாளி, கழட்டிக்கொண்டிரிக்குவா" என்று போனில் சொல்லிக்கொண்டே, "சூக்ஷிச்சு, காலில் வீழும்" என்று என்னையும் எச்சரித்தார். மாரியக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்.

சங்கிலியையும் அதன் பூட்டையும் எடுத்துச் சேட்டன் கையிலேயே கொடுத்தேன். ஸ்டோருக்குள் காலிச் சாக்குகளும் ஒரு மருந்தடிக்கிற டப்பாவும் தவிர ஒன்றுமில்லை. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

செக்போஸ்டில் ஒரு சாவி

அன்றைக்கு அரை நாளோடு வேலையை முடித்துக்கொண்டு பெண்கள் எல்லாரும் ஏற, கதவை ஜீப்பின் மேல் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினோம். மெட்டு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். காக்கி உடுப்பில் ஒரு இளம்பெண், வனத்துறை.

"மேல என்னது, மரமா? பாஸ் இருக்கா?"

"கதவும்மா" என்றார் பாண்டி அண்ணன்.

"கதவும் மரந்தான? எங்க அறுத்தது?"

நான் இறங்கிப்போய்க் கதையைத் தொடங்குவதற்குள் கீழேயிருந்து ஒரு வெள்ளைக் கார் சர்ரென்று வந்து நின்றது. சிவனாண்டி. முகம் சிவந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

"விடாதீங்க மேடம்! திருட்டுக் கதவு! என் தோட்டத்து ஸ்டோருக் கதவக் கழட்டிட்டுப் போறாளுக!"

சுற்றுலா வந்தவர்கள் டீக் கிளாசோடு கூடிவிட்டார்கள். நாலைந்து போன்கள் எங்களைப் பார்த்து நீண்டன.

"ஸ்டோருக் கதவா சார்?" என்றார் அந்தப் பெண்.

"ஆமா மேடம். ஸ்டோரு கட்டும்போதே செஞ்சு போட்ட கதவு."

போட்டோவைக் காட்டப் போனைத் தேடினேன். அப்போதுதான் பைக்குள் விட்ட கையில் அது தட்டுப்பட்டது. கதவே இல்லாத நாளெல்லாம், பழக்கத்தில், நான் தினமும் எடுத்துக்கொண்டு அலைந்த வீட்டுச் சாவி!

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். ஜீப் பின்படியில் ஏறினேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு எக்கி, கதவில் பதித்திருந்த பூட்டுக்குள் சாவியை விட்டுத் திருப்பினேன்.

டக்.

பூட்டின் நாக்கு வெளியே வந்தது. திரும்பத் திருப்பினேன், உள்ளே போனது. இன்னொரு தடவையும் திருப்பினேன், ஆசை தீர. ஜீப்புக்குள்ளிருந்து பெண்கள் "ஓய்ய்ய்" என்று கத்தினார்கள். டீக்கடைப் பக்கமிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

"சார், உங்க ஸ்டோருச் சாவி இவங்ககிட்ட எப்படி?" என்றார் வனத்துறைப் பெண்.

சிவனாண்டி திணறினார். "அது... அது என் வீட்டுக் கதவுதான் மேடம். என் வீடு, என் கதவு. நான் எங்க வேணா மாட்டுவேன்."

"வீட்ல ஆளு குடியிருக்காங்களா?"

"வாடகைக்குத்தான இருக்காங்க."

"ஆளு இருக்கும்போதா கழட்டுனீங்க?"

அவர் சட்டைப் பட்டனைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் சொன்னேன். கரையான் கதையை, ஸ்டேஷனில் சொன்ன ரிப்பேர் கதையை, ஃபியூஸை, கழிவறைப் பூட்டை, போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றதை. சொல்லும்போது குரல் உடையும் என்று பயந்தேன். உடையவில்லை. மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற குரலில்தான் வந்தது. போட்டோக்களையும் காட்டினேன்.

அந்தப் பெண் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "கரையான் அரிச்ச கதவு மலையேறி வந்து ஏலக்காய்க்குக் காவல் காத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, போடி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும், "கதவு இந்த ஜீப்லயே போகட்டும். சாரும் பின்னாலயே ஸ்டேஷனுக்கு வரணுமாம்" என்றார்.

குலவை

இறங்கும்போது சிவனாண்டி கார் எங்கள் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தார். பாண்டி அண்ணன் வழி விடவே இல்லை. "கதவு மேல கெடக்கு, வெரசா போனா விழுந்துரும்ல" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பெண்கள் ஜன்னல் வழியே கையை மேலே நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கயிறு கட்டியிருந்தாலும் எல்லாருக்கும் ஒரு கை அதில் வைக்கவேண்டும் போலிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் மாரியக்கா குலவை போட்டார். அடுத்த கணம் ஜீப்பே குலவை போட்டது. கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன விசேசம்?" என்று ஒருவர் கேட்க, "கதவு வருதுப்பே!" என்றார் மாரியக்கா.

ஸ்டேஷனில் அதிக நேரம் ஆகவில்லை. இந்த முறை சிவனாண்டியிடம் பணிவும் இல்லை, கதையும் இல்லை. "காலி பண்ணணும்னா கோர்ட்டுக்குப் போங்க, கதவுக்குப் போகாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு போலீஸ்காரரையும் எங்களோடு அனுப்பினார்.

கழற்றிய அதே ஆசாரிதான் மாட்ட வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "ரிப்பேருன்னுதான் சொன்னாருத்தா. காலி வீடுன்னு சொன்னாரு" என்றார். கொடியில் பாவாடை காய்ந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அவர் கீலுக்கு எண்ணெய் போட்டு, இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்து, கூலி வாங்காமல் போனார். கழிவறைச் சாவியைப் போலீஸ்காரர் வாங்கி மாரியக்காவிடம் கொடுத்தார். குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கெட்டுப்போன மோட்டார் அன்றைக்கே குணமாகிவிட்டது!

அரசி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் திறக்கவே இல்லை. கண்ணனும் நானும் வெளியே நின்றோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் அழுகிறாளோ என்று கண்ணன் கதவில் காதை வைத்தார். "அப்பா, சும்மா ஒக்காந்திருக்கேன்ப்பா. நல்லாருக்கு" என்றாள்.

மாரியக்காவை இனிக் கூட்டத்தோடு ஜீப்பில் ஏற்றக் கூடாது என்று சிவனாண்டி அவருடைய கங்காணியிடம் சொல்லிவைத்தார். கங்காணியும் ஏற்றவில்லை. ஆனால் மலையில் காய் எடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற காலம். மறுநாளே வேறொரு தோட்டத்து ஜீப் அவரை வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போனது. "பழைய எடத்த விட இங்க சாயா நல்லாருக்குத்தா" என்றார்.

அரசி பரீட்சை எழுதினாள், தேறினாள். நாங்கள் எங்களுக்குத் தோதான ஒரு மாதத்தில், நல்ல நாள் பார்த்து, வேறு வீட்டுக்குப் போனோம். அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

கதவு வந்த சில நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு தட்டு, மெதுவாக.

"யாரு?" என்றேன்.

"நாந்தான் டீச்சர். சிவனாண்டி."

நாலைந்து வருஷத்தில் அந்த மனிதர் கதவைத் தட்டி நான் கேட்டதே இல்லை. திறந்திருந்தால் நேரே உள்ளே வருவார், சாத்தியிருந்தால் தள்ளிக்கொண்டு வருவார்.

"என்ன சோலியா வந்தீங்க?"

"குழாய் சரியா வருதான்னு கேக்கலாம்னு..."

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது.

"அங்கனயே இருங்க, வர்றேன்" என்றேன். பாலை இறக்கி, காப்பி கலந்து, ஆற்றிக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகுதான் போய்த் திறந்தேன்.